ஆஸ்பென் பட்டையில் இடையர்கள் கீறிய சிலுவைகள்: ஜெபமா, வெறும் அடையாளமா? எப்படிப் படிப்பது?

கேள்வி: மலைத்தடம்

அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ, ஒரேகான், கலிபோர்னியாவின் சியரா மலைப்பகுதி ஆகிய இடங்களில் இருக்கும் ஆஸ்பென் என்ற வெள்ளைப்பட்டை மரத்தின் தோப்புகளில், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து வந்த பாஸ்க் ஆட்டிடையர்கள் கீறிவிட்டுப் போன எழுத்துகளைப் பற்றிய கேள்வி இது. பெயர், ஊர், ஆண்டு, பெண் உருவம், வீடு என்று பலவும் கிடைக்கின்றன. நடுநடுவே சிலுவையும் வருகிறது. சிலுவையைப் பார்த்ததுமே "தனிமையில் செய்த ஜெபம்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி முடிவுகட்ட என்னென்ன பார்க்க வேண்டும்? சிலுவை இல்லாத வெறும் பெயரில் நம்பிக்கை, வாழ்வின் பொருள் என்று எதையாவது படிக்க இடமுண்டா, இல்லை அது நாமாக ஏற்றிச் சொல்வதா? பட்டைக்குக் கேடு வராமல் பதிவு செய்யும் முறையையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கிடைக்காவல்

கோடு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். படிப்பதில் வரும் பாதித் தவறுகள் அது தெரியாததால் வருபவை.

ஆஸ்பென் பட்டை சீக்கிரம் வெடித்துத் தடிப்பதில்லை. பல பத்தாண்டுகள் வழவழப்பாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். மேல்தோலுக்கு அடியில் பச்சையம் உள்ள உயிருள்ள அடுக்கு. கைப்பழக்கம் உள்ள இடையர் கத்தி முனையாலோ ஆணியாலோ மேலாக, மயிரிழை போலக் கீறுவார். கட்டை வரை இறங்கமாட்டார். கீறிய அன்று அது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. காயத்தை மூட மரம் தக்கை போன்ற திசுவை வளர்க்கிறது. அது சில ஆண்டுகளில் கறுத்து, மேடுதட்டி, வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தாக நிற்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய பிறகு மை தடவுவார்களே, இங்கே மை தடவும் வேலையை மரமே செய்கிறது.

இதனால் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டும். அடிமரம் பருக்கப் பருக்க எழுத்து பக்கவாட்டில் இழுபடும். செங்குத்துக் கோடு தடித்துவிடும். படுக்கைக் கோடு நீளுமே தவிர அந்த அளவுக்குத் தடிக்காது. எனவே தடித்த கோட்டைக் கண்டு "அழுத்தி எழுதியிருக்கிறார், கோபம்" என்றெல்லாம் சொல்லக்கூடாது. இரண்டாவது, எழுத்து மேலே ஏறாது. மரம் உயர்வது நுனியில்தான். நெஞ்சு உயரத்தில் கீறியது 60 ஆண்டு கழித்தும் நெஞ்சு உயரத்திலேயே இருக்கும். ஆளுயரத்துக்கு மேலே எழுத்து இருந்தால் குதிரை மேலிருந்தோ எதன் மீதோ ஏறி நின்றோ கீறியது என்று கொள்ளலாம். மூன்றாவது, ஆழமாக வெட்டியது படிக்க முடியாத பெருந்தழும்பாகிவிடும். பழைய கீறல்களின் மேலேயே புதியவர்கள் ஆழமாக வெட்டிய மரங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் அந்த மெல்லிய கோட்டில்தான் முதலில் தேடுவேன். கீறியவருக்கு அன்றே கிடைப்பது ஒன்றுமில்லை. அடுத்த கோடையில் அதே மேய்ச்சலுக்குத் திரும்பினால் கொஞ்சம் தெரியும். திரும்பாவிட்டால் வேறொரு இடையர் படிப்பார். யாரோ ஒருவர் வருவார் என்று எண்ணாமல் அவ்வளவு மெல்லிசாக யாரும் கீறமாட்டார்கள்.

பதில்: தேவதாரு

சிலுவை பற்றி.

அது மனிதர் கீறியதுதானா என்று முதலில் பாருங்கள். ஆஸ்பென் தன் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்க்கும். உதிர்ந்த இடத்தில் கண் போன்ற கறுப்பு வடு நிற்கும். எல்க் மான் பட்டையைக் கடித்துத் தின்ற இடம் சொரசொரப்பான கறுப்புத் திட்டாகிவிடும். கரடி ஏறிய மரத்தில் நகக்கோடுகள் வரிசையாக, ஒன்றுக்கொன்று இணையாக வரும். இவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சிலுவையும் முகமும் தோன்றுவது சகஜம். நில அளவைக்காகவும் வழி காட்டவும் கோடரியால் செதுக்கிய அடையாளங்கள் கட்டை வரை இறங்கி, அகலமாக இருக்கும். அவை இடையர் எழுத்தில் சேராது.

மனிதர் கீறியது என்று உறுதியான பிறகு வடிவத்தைப் பாருங்கள். நான்கு கையும் சமமாக, பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவில் சின்னதாக நின்றால் அது வெறும் பிரிப்புக்குறியாகவும் இருக்கலாம். கீழ்க்கை நீண்டு, மேட்டின் மேலோ படிகளின் மேலோ நிற்பதுபோல் வரைந்திருந்தால் அது பக்திச் சிலுவை என்று தயங்காமல் சொல்லலாம். பெயரின் பக்கத்தில் தனியாக நிற்கும் சிலுவைக்கு மூன்றாவது பொருளும் உண்டு: இறந்தவரின் பெயரோடு சிலுவை இடுவது ஐரோப்பியக் கத்தோலிக்க வழக்கம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. அதே பெயர், அதே கையெழுத்தில், அதற்குப் பிந்தைய ஆண்டோடு அக்கம்பக்கத்து மரங்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நினைவுச்சிலுவை என்ற ஊகத்தை விட்டுவிடலாம். ஒற்றை மரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தோப்பு முழுவதும் ஒரே ஏடு.

இடமும் முக்கியம். நியூ மெக்ஸிகோவின் வடக்கிலும் கொலராடோவின் தெற்கிலும் ஸ்பானிய மொழி பேசும் உள்ளூர் இடையர்களின் தோப்புகளில் சிலுவையும் புனிதர் உருவங்களும் எதிர்பார்க்கக் கூடியவை. பாஸ்க் தோப்புகளில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவைதான் பெரும்பான்மை. வரலாற்றாய்வாளர் ஹோஷே மல்லேயா ஒலயெச்சே சுமார் 20,000 கீறல்களைப் பதிவு செய்திருக்கிறார். பாஸ்க் மொழியில் இவற்றுக்கு லெர்ச்சுன் மர்ராக் என்று பெயர், ஆஸ்பென் கோடுகள் என்று பொருள். அந்தப் பெருந்தொகுப்பின் நடுவில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு சிலுவையின் எடை தெரியும்.

தேதியையும் பெயரையும் படிக்கும்போது: நாள் முன்னால், மாதம் பின்னால் வரும். 1-க்கு மேலே நீண்ட வால் இருக்கும், அமெரிக்கக் கண்ணுக்கு அது 7 போலத் தெரியும். உண்மையான 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பலர் பாஸ்க் மொழியைப் பள்ளியில் எழுதிப் பழகாதவர்கள். காதால் கேட்டபடி, ஸ்பெயின் பக்கத்தவர் ஸ்பானிய எழுத்துமுறையிலும் பிரான்ஸ் பக்கத்தவர் பிரெஞ்சு எழுத்துமுறையிலும் எழுதினார்கள். எச்செவெர்ரியா, எச்செவெரி இரண்டும் ஒரே குடும்பப்பெயரின் இரு வடிவங்கள். எழுத்துமுறையை வைத்தே எல்லைக்கு எந்தப் பக்கத்து ஆள் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வெறும் பெயரில் பொருள் உண்டா என்று கேட்டீர்கள். கோடைமேய்ச்சலில் ஓர் இடையருக்கு ஆயிரம் ஆடுகள் போல, குட்டிகள் தனி. கூட நாயும் குதிரையோ கோவேறு கழுதையோ. உணவு கொண்டுவருபவர் வந்தால்தான் மனிதமுகம். அந்த நிலையில் பெயர், பிறந்த ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுவது "நான் இன்னார், இங்கே இருந்தேன்" என்று சாட்சி சொல்வது. அரசியல் வாசகங்கள் இன்னும் வெளிப்படை. 1939 முதல் 1975 வரை சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் ஸ்பெயினில் பாஸ்க் மொழியும் கொடியும் ஒடுக்கப்பட்டிருந்தன. "கோரா எவுஸ்காதி", அதாவது பாஸ்க் நாடு வாழ்க, என்று சொந்த ஊர்ச் சுவரில் எழுதினால் சிறை. நெவாடா மரத்தில் எழுதத் தடையில்லை. இதை நம்பிக்கை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சிலுவைதான் வேண்டும் என்பதில்லை.

மலைத்தடம்

நன்றி. மஸ்லின் துணியை வைத்து மெழுகு தேய்த்துப் படி எடுக்கலாமா? நேராகப் படம் எடுத்தால் எழுத்தின் இரு ஓரங்களும் மரத்தின் வளைவில் மறைந்துவிடுகின்றன.

பதில்: நிழற்கோணம்

துணிப்படி மதிப்புமிக்க முறைதான். நெவாடாவின் ஜீன், ஃபிலிப் எர்ல் தம்பதி அப்படி எடுத்து வைத்தவை இன்று மிக அரிய ஆவணங்கள். ஆனால் முதிர்ந்த மரத்தில் தழும்பின் மேடு பொருக்குப் பொருக்காக உதிரும். பட்டை உறுதியாக இருக்கும் உயிருள்ள மரத்துக்கு மட்டும், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். துணியைக் கயிற்றால் கட்டுங்கள். ஆணியோ ஸ்டேப்ளரோ கூடாது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸால் நிரப்புவது அதைவிட மோசம். உங்கள் வாசிப்பை மரத்தின் மேலேயே எழுதிவைத்ததாகிவிடும். அடுத்து வருபவர் உங்கள் பிழையைத்தான் படிப்பார்.

வளைவுக்கு வழி, சுற்றிவந்து எடுப்பது. எழுத்து உள்ள பக்கத்தை முழுதும் சுற்றி, 15 பாகைக்கு ஒரு படம். ஒரே தூரம், ஒரே குவியம், ஜூமைத் தொடக்கூடாது. அடுத்தடுத்த படங்களில் குறைந்தது 60 சதவீதம் பொதுவாக இருக்க வேண்டும். கேமராவை எழுத்துக்குக் கீழே, நேராக, மேலே என்று மூன்று உயரங்களில் வைத்து மூன்று சுற்று. இதை முப்பரிமாண மென்பொருளில் போட்டால் உருளையை விரித்துத் தட்டையாகப் படிக்கலாம். ஒரு சுற்றாவது அளவுகோலோடு எடுங்கள். மேகம் மூடிய நேரம் நல்லது. இலைகளின் ஊடாக விழும் வெயில்தான் பெரிய எதிரி: ஆஸ்பென் இலை ஓயாமல் ஆடும், ஒவ்வொரு படத்திலும் நிழல் இடம் மாறி மென்பொருள் குழம்பிவிடும். மங்கிய கீறலுக்கு மட்டும், பக்கவாட்டில் டார்ச் பிடித்துத் தனியாகச் சில படங்கள்.

தாளில் எழுத வேண்டியவை: தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவு, எழுத்து நிற்கும் உயரம், எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, மரம் உயிரோடு நிற்கிறதா, பக்கத்தில் ஊற்றோ முகாம் அடுப்போ கற்குவியலோ உண்டா. பாஸ்க் இடையர்கள் அடுக்கிய கற்குவியல்களுக்கு ஹர்ரிமுத்தில், கல்பையன், என்று பெயர். கண்டதை அப்படியே ஒரு வரியிலும் உங்கள் வாசிப்பை வேறொரு வரியிலும் எழுதுங்கள். "கீழ்க்கை நீண்ட சிலுவை, 11 செ.மீ." என்பது பதிவு, "ஜெபம்" என்பது வாசிப்பு. சரியான இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

பதில்: கிடைக்காவல்

நிழற்கோணம் சொன்னதோடு சேர்த்து இரண்டு.

ஆஸ்பென் அடிமரம் பெரும்பாலும் 100 ஆண்டைச் சுற்றித்தான் வாழும். வேர் சாகாமல் புதிய தளிர் விடும், யூட்டாவின் பாண்டோ தோப்பு முழுவதும் ஒரே வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் புதிய தண்டில் பழைய எழுத்து வராது. வறட்சியாலும் ஊசியிலை மரங்களின் நிழலாலும் பல தோப்புகள் மெலிந்துவருகின்றன. ஆகவே வரிசை முக்கியம்: சாய்ந்த மரம், பட்டை உரியத் தொடங்கிய மரம், பிறகு 1930-க்கு முந்தைய தேதி உள்ளவை. நன்றாக நிற்கும் மரம் காத்திருக்கும்.

விழுந்த மரத்தைப் புரட்டாதீர்கள். தரையில் பட்ட பக்கத்தின் பட்டை ஈரத்தில் ஊறியிருக்கும், புரட்டியதும் எழுத்தோடு கழன்று வந்துவிடும். தெரிகிற பக்கத்தைப் படமெடுத்துவிட்டு வட்டார வனத்துறையின் தொல்லியல் அலுவலருக்குத் தெரிவியுங்கள். அறுத்து எடுத்துப் போவது அனுமதியின்றிக் குற்றம். எடுத்துப் போனாலும் கட்டை உலரும்போது சுருங்கி, பட்டை பிளந்து உதிரும். தேசிய வனத்தில் புதிதாகப் பெயர் கீறுவதற்கும் அபராதம் உண்டு, சைட்டோஸ்போரா போன்ற பூஞ்சைகள் அந்தக் காயத்தின் வழியாகத்தான் நுழைகின்றன.