நாலாம் ஒழுங்கை குழு, அலஸ்தோட்டம், திருகோணமலை

*சனிக்கிழமை*

ராணி, 7.12: ஆற்றயோ ட்ரோன் ஒண்டு எங்கட வளவுக்கு மேல நிண்டது. மாமி கிணத்தடியில குறுக்குக்கட்டோட குளிச்சுக்கொண்டு நிண்டவ. வாளியப் போட்டுட்டு உள்ள ஓடி வந்தவ, இன்னும் நடுங்குறா. ஆர் விட்டது?

குமார் அண்ணை, 7.15: கடற்கரைப் பக்கம் வந்த வெள்ளைக்காரரா இருக்கும். சீசன் தொடங்கிட்டுது தானே.

சசி, 7.16: நானும் கேட்டன். தென்னை வட்டுக்கு மேல நிண்டு இரைஞ்சது. எங்கட நாய் குரைச்சுக் குரைச்சுத் தொண்டை அடைச்சுப் போட்டுது.

ராணி, 7.18: மாமிக்கு ட்ரோன் எண்டு தெரியாது. "வண்டு வந்துட்டுது பிள்ளை, உள்ள வா" எண்டுதான் கத்தினவ.

குமார் அண்ணை, 7.18: ஐயோ

ராணி, 7.21: சண்டை முடிஞ்ச 2009 வரைக்கும் வன்னியில இருந்தவ. அங்க வேவு பார்க்கிற ஆளில்லா விமானத்தை வண்டு எண்டுதான் சொல்லுறது. வண்டு சுத்திப்போட்டுப் போனா, கொஞ்ச நேரத்தில ஷெல் வரும். இப்ப சத்தம் அடங்கி ஒரு மணித்தியாலம் ஆகப்போகுது, இன்னும் ஈரச்சீலையோட அறைக்குள்ள இருக்கிறா. மதில் உயர்த்தி, தகரம் அடிச்சு, கிணத்தடிய மறைச்சுக் குடுத்தனாங்கள். மேலால வந்தா என்னத்தை அடிக்கிறது?

தவம் சேர், 7.30: தங்கச்சி, நினைச்சபாட்டுக்குப் பறக்க விடேலாது. கோட்டைக்குள்ள ஆமி, டொக்யார்டில நேவி, சீனக்குடாவில விமானப்படை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுக்கத் தடை போட்டவை. பிறகு தளர்த்தினாலும், சிவில் விமான சேவைகள் அதிகார சபை, பாதுகாப்பு அமைச்சு எண்டு அனுமதிக்கு அலையத்தான் வேணும்.

குமார் அண்ணை, 7.32: அது நேவிக்குச் சரி சேர். கிணத்தடிக்கு என்ன சட்டம்?

தவம் சேர், 7.40: மீராவைக் கேளுங்கோ. அவதான் லோ படிக்கிறவ.

செல்வம் மாமா, 8.41: [வீடியோ] எல்லாருக்கும் காலை வணக்கம் 🌴 எங்கட ஒழுங்கை மேலயிருந்து எவ்வளவு வடிவு பாருங்கோ! கனடா மருமகன் விடியக் காலமை எடுத்தது.

சசி, 8.42: மாமா. மேல கொஞ்சம் வாசிச்சுப் பாருங்கோ.

ராணி, 8.44: 37ஆவது செக்கன்ல நிப்பாட்டுங்கோ. கிணத்துக்கட்டுக்குக் கீழ சரிஞ்சு கிடக்கிற நீல வாளி எங்கட. சீமெந்தில தண்ணி ஓடின தடம் கூடத் தெரியுது. அதுக்கு நாலு செக்கன் முன்னால என்ன இருக்கெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

செல்வம் மாமா, 8.46: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வம் மாமா, 8.47: பிள்ளை, மன்னிச்சுக்கொள்ளு. நான் தென்னையும் கடலும்தான் பார்த்தனான்.

சசி, 8.48: மாமா அழிச்சாலும் இறக்கின ஆக்கள்ர போனில கிடக்கும். எல்லாரும் கலரிக்குள்ள போய் அழியுங்கோ. அழிச்ச ஆக்கள் 👍 போடுங்கோ.

குமார் அண்ணை, 8.49: 👍

தவம் சேர், 8.53: 👍 (எனக்கு அழிக்கத் தெரியாது. பேரன் அழிச்சவன்.)

செல்வம் மாமா, 9.02: மருமகன் அகிலனைக் குழுவில சேர்த்திருக்கிறன். அவனே கதைக்கட்டும்.

அகிலன், 9.06: ராணி அக்கா, சொறி. வேணுமெண்டு செய்யேல்ல. இது 249 கிராம்தான். கனடாவில 250க்குக் கீழ எண்டா பதிவு தேவையில்ல. இங்கயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.

மீரா, 9.20: இப்பதான் பார்க்கிறன். அகிலன் அண்ணா, இங்க கோடு 200 கிராமில கிடக்கு. உங்கட 249 அங்க சின்னது, இங்க ஒரு வகுப்பு மேல. பிளேனால இறங்கின உடன சட்டமும் மாறிடும்.

மீரா, 9.27: குமார் மாமா கேட்டதுக்கு: விமான விதிகள் பார்க்கிறது நிறை, உயரம், விமான நிலையம், சனக்கூட்டம். கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ள வச்சு ஓட்ட வேணும் எண்டும் இருக்கு. கமரா என்னத்தைப் பார்க்குது எண்டதுதான் எங்கட பிரச்சினை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல வந்தது, 9ஆம் இலக்கம். முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில நடைமுறைக்கு வர இருந்தது, தள்ளிப்போட்டினம். வந்தாலும், தனியாள் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ எடுக்கிறதுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஹொட்டல் விளம்பரத்துக்கு எடுத்தா வேற கதை. மருமகன் மாமாவுக்குக் காட்ட எடுத்தா?

குமார் அண்ணை, 9.29: அப்ப நேவிக்கு இருக்கிற மறைப்பு எங்கட கிழவிக்கு இல்ல.

மீரா, 9.30: அரசியலமைப்பில அடிப்படை உரிமைகளுக்குள்ள அந்தரங்கம் எண்டு தனியா ஒண்டு எழுதவும் இல்ல மாமா. இந்தியாவில 2017இல உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை எண்டு தீர்ப்பே சொன்னது.

அகிலன், 9.34: ட்ரோனைப் பெட்டிக்குள்ள வச்சிட்டன். நாளைக்குக் கோணேசர் கோயிலும் புறாமலையும் எடுக்க இருந்தனான்.

தவம் சேர், 9.35: தம்பி, கோயில் கிடக்கிறது கோட்டைக்குள்ள. புறாமலை தேசியப் பூங்கா. போனால் போனைக் கொண்டுபோய்ப் படம் எடும்.

அகிலன், 9.41: ராணி அக்கா, நான் வந்து பாட்டியிட்ட நேர மன்னிப்புக் கேக்கலாமா?

ராணி, 9.58: இப்ப வேண்டாம். பின்னேரம் வாரும், தேத்தண்ணி குடிக்கலாம். ட்ரோன் கொண்டு வரப்படாது. வண்டு இல்லை, செல்வத்தின்ர மருமகன்ர விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லிப் போட்டன். "அப்ப ஏன் அவன் என்னைப் பார்க்கிறான்" எண்டு கேட்டவ. என்னட்ட மறுமொழி இல்லை.

ராணி, 10.20: அகிலன், அந்த வீடியோவை அழிச்சிட்டீரா?

அகிலன், 10.21: ஓம் அக்கா, கார்ட்டில இருந்தும் அழிச்சிட்டன். சத்தியமா.

ராணி, 10.22: மாமி கேட்கச் சொல்றா: அழிக்க முதல், எங்கட தண்ணித்தாங்கி மூடி திறந்து கிடந்ததைக் கண்டனீரோ எண்டு. ரெண்டு நாளா காகம் அதிலயே குந்துதாம்.

அகிலன், 10.24: 🙈 பாதி திறந்துதான் கிடந்தது அக்கா. பின்னேரம் ஏணியோட வாறன்.