மார்ஸ்டன்ஸ் பப் பங்கு: கடனை எப்படிக் கணக்கில் எடுக்கிறீர்கள்?

பிரிட்டன் பப் பங்குகளைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

பப்களை நடத்தும் மார்ஸ்டன்ஸ் நிறுவனத்தின் பங்கு ‘சொத்து மதிப்பில் பாதி விலைக்குக் கிடைக்குது’ என்கிற வாதம் மட்டும் போதாது. கட்டடம் 100, கடன் 70 என்றால் பங்குதாரருக்கு மிச்சம் 30. கட்டட மதிப்பு 10% இறங்கினாலே அதில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பஞ்ச் டாவர்ன்ஸ் என்ற இன்னொரு பப் நிறுவனம் 2014-இல் கடனைச் சீரமைத்தபோது பழைய பங்குதாரர்கள் கையில் மிஞ்சியது நிறுவனத்தில் வெறும் 15%.

மார்ஸ்டன்ஸ், கார்ல்ஸ்பெர்க்குடன் சேர்ந்து நடத்திய பீர் கூட்டு நிறுவனத்திலிருந்த 40% பங்கை 2024-இல் 20.6 கோடி பவுண்டுக்கு விற்றுக் கடனைக் குறைத்தது சரி. பப்களை ஈடுவைத்து 2005-இல் வெளியிட்ட பத்திரங்கள்தான் உறுத்தல். அசலையும் தவணையாகக் கட்டணும், அதனால் லாபம் வந்தாலும் அதில் ஒரு பகுதி கைக்காசாக மிஞ்சாமல் கடனுக்கே போகும்.

என் சந்தேகங்கள்: வட்டி ஸ்வாப் (மாறும் வட்டியை நிலையான வட்டியாக மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம்) நஷ்டத்தை நிகரக் கடனில் (கையிருப்பு ரொக்கம் போக மீதிக் கடன்) சேர்ப்பீர்களா? முன்கூட்டியே முடித்தால் மட்டும்தானே அது மொத்தமாக ரொக்கத்தில் போகும், இல்லையென்றால் வட்டித் தவணைகளில் சிறுகச் சிறுகத்தானே? குத்தகை பாக்கியைக் கடனோடு சேர்த்தால், லாபத்தை வாடகைக்கு முன் எடுக்கிறீர்களா, பின்னா? (இரண்டையும் கலந்தால் கடன்–லாப விகிதம் பொய் சொல்லும்.) ஏப்ரல் 2025 முதல் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி கட்டும் தேசியக் காப்பீடு 15% ஆனதற்கு லாபத்தில் எவ்வளவு கழிக்கிறீர்கள்?

கணக்குத் தாள் இருந்தால் பகிருங்கள்.