பதிவேட்டில் சேர்த்த பிறகும் ஒலிக்கும் தொலைபேசி

விளம்பரத்துக்காக அழைக்க வேண்டாம் என்று எண்ணைப் பதிந்துவைக்கும் சிங்கப்பூரின் டிஎன்சி (Do Not Call) பதிவேட்டில் தம் எண்ணைச் சேர்த்த பின்னரும் அழைப்புகள் நிற்கவில்லை என்று சகோதரி ஒருவர் வருத்தத்துடன் எழுதியிருந்தார். எனக்கும் அதே ஏமாற்றம் ஏற்பட்டது. காரணம் விளங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2014 ஜனவரி 2 முதல் நடப்பிலுள்ள அந்தப் பதிவேட்டில் குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் என மூன்று பிரிவுகள் உண்டு. நான் முதலில் குறுஞ்செய்திப் பிரிவில் மட்டும் சேர்ந்துவிட்டு, அழைப்புகள் ஏன் வருகின்றன என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அது என் பிழை. குரல் அழைப்புப் பிரிவிலும் சேர்ந்து சில வாரங்கள் கழிந்ததும் வீட்டு முகவர்களும் காப்புறுதி விற்பனையாளர்களும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டார்கள்.

ஒரு துணைப்பாட நிலையம் மட்டும் விடவில்லை. "உங்கள் மகள் முன்பு எங்களிடம் படித்தவர்தானே, அதனால் அழைக்கலாம்" என்றார் பேசிய பெண். வாடிக்கையாளர் உறவு தொடர்வதைக் காட்டிப் பெறும் விதிவிலக்கு குறுஞ்செய்திக்கும் தொலைநகலுக்கும் மட்டுமே உரியது, குரல் அழைப்புக்கு அது பொருந்தாது என்று சொன்னேன். உடனே அவர், அதிர்ஷ்டக் குலுக்கல் படிவம் ஒன்றில் நான் ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டிருப்பதாகத் தெரிவித்தார். உண்மைதான்; பரிசாக ஒரு மிதிவண்டி கிடைக்கும் என்ற ஆசையில் எழுதிக் கொடுத்தது. தெளிவாக எழுத்தில் அளித்த ஒப்புதல் இருந்தால் பதிவேடு தடுக்காது. ஒப்புதலை மீட்டுக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பி, அதன் பிரதியை வைத்துக்கொண்டேன். அதன்பின் அழைப்பு வரவில்லை.

ஆனால் இவர்களெல்லாம் சட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள். பதிவேட்டைப் பார்ப்பதே இல்லாத இயந்திர அழைப்பு வேறு வகை. நானும் மனைவியும் ஒரே நாளில் சிம் அட்டை வாங்கியதால் எங்கள் எண்களுக்குக் கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபாடு. என் தொலைபேசியில் பதிவுசெய்யப்பட்ட குரல் ஒன்று ஒலித்து முடிந்த சில நொடிகளில் அதே குரல் அவருடைய தொலைபேசியிலும் ஒலிக்கும். எவரும் எங்கள் எண்களைத் தேடிப் பிடிக்கவில்லை, கணினி எட்டு இலக்கங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு போகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இப்படி எண்களை உருவாக்கி விளம்பரம் அனுப்புவதை 2021 பிப்ரவரி 1 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆயினும் அழைப்பவர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, வேறொரு எண்ணைப் போர்த்திக்கொண்டு பேசும்போது தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்து பெரிய பலன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

இங்கே உதவுவது கூட்டல் குறி. 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டு அழைப்புகளுக்கு முன்னால் அது தோன்றுகிறது. உள்ளூர் அழைப்புகளுக்குத் தோன்றாது. ஆகவே, உள்ளூர் அலுவலகம் என்று சொல்லிக்கொள்ளும் அழைப்பில் கூட்டல் குறியைக் கண்டால் எடுக்காமல் விடுவதே நல்லது. மோசடி அழைப்புகளைத் தடுக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு செயலியும், ஐயம் தோன்றினால் கேட்பதற்கு 1799 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. வெளிநாட்டு அழைப்புகளை முழுமையாகத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தருகின்றன. எங்கள் இருவர் எண்ணிலும் அதைப் போட்டுவிட்டோம்.

அம்மாவின் எண்ணில்தான் போட முடியவில்லை. எழுபத்தாறு வயதாகும் அவர், சீன மொழியில் ஒலித்த பதிவுக் குரலிடம் கூட, "என் மகன் வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் கூப்பிடுங்கள்" என்று தமிழில் பொறுமையாகச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். மன்னார்குடியில் இருக்கும் பெரியம்மாவிடம் வாட்ஸ்அப் கிடையாது. அவர் சாதாரணக் கைப்பேசியிலிருந்து கூப்பிடும்போது எண்ணுக்கு முன்னால் அதே கூட்டல் குறிதான் வரும். எனவே தடுப்பதற்கு மாறாக, உறவினர் எண்களைப் பெயருடன் சேமித்து, பெயர் தெரிந்தால் மட்டும் எடுங்கள் அம்மா என்று பழக்கினேன். நன்றாகவே பழகிவிட்டார். பெரியம்மா போன மாதம் எண்ணை மாற்றியபோது மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டும் அம்மா எடுக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.