சிறுநீர்க் கசிவுக்குப் பிசியோதெரபி பலன் தருமா?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்):
எனக்கு வயது 51, இரண்டும் சுகப்பிரசவம். வேலைக்காகத் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்கிறேன். இருமினாலோ, தும்மினாலோ, வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டாலோ சிறுநீர் கசிந்துவிடுவதால், அடர்நிறப் புடவையைத் தவிர வேறெதையும் கட்டத் துணிவதில்லை. சிறுநீரில் தொற்று இல்லை என்று உறுதி செய்த மருத்துவர், அறுவை சிகிச்சையைப் பிறகு யோசிக்கலாம் என்று கூறி, இடுப்புத்தளத் தசைகளுக்கான (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) பயிற்சிகள் அச்சிட்ட தாளைக் கொடுத்தார். ஒரு மாதம் செய்தும் மாற்றமில்லை. தொடரலாமா?

பதில் 1 (இயன்முறை மருத்துவர், புதுச்சேரி):
வணக்கம் அம்மா. ஒரு மாதம் போதாது. மேற்பார்வையில் குறைந்தது 3 மாதங்கள் செய்த பிறகே பலனை எடைபோட வேண்டும். அதற்கு முன், சரியான தசையைத்தான் சுருக்குகிறீர்களா என்று யாராவது சோதித்தார்களா? 1948-இல் இப்பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் என்பவரே, தசையின் அழுத்தத்தைக் காட்டும் கருவியை வைத்துத்தான் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வெறும் தாளைக் கொடுத்தனுப்புவது எனக்கு உடன்பாடில்லை.

வாயு பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயையும், அதனுடன் சிறுநீர்த் துவாரத்தையும் மேல்நோக்கி உள்ளிழுக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சு இயல்பாக ஓட வேண்டும். வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை. இருமல் வரும் என்று தெரிந்தவுடன் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வதும் கசிவைக் குறைக்கும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்துவதைப் பயிற்சியாக்கிவிடாதீர்கள்.

பதில் 2 (மஞ்சக்குப்பம்):
அக்கா, நானும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர், என் சம்மதத்துடன் கையுறை அணிந்த விரலால் சோதித்துவிட்டு, "நீங்கள் உள்ளே இழுக்கவில்லை, வெளியே முக்குகிறீர்கள்" என்றார். திருத்திக்கொண்ட பின், நான்காவது மாதத்தில் தும்மலுக்குக் கசிவது நின்றது. மாடிப்படி வேகமாக ஏறினால் மட்டும் இன்னும் சிறிது உண்டு. பேருந்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடர்ந்து எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிஞ்சும். காபியைக் குறைக்கலாம். எனக்குப் பயிற்சியைவிட அதுதான் கடினமாக இருந்தது.

பதில் 3:
இது பெண்களுக்கு மட்டுமான சிகிச்சையன்று. புரோஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் எனக்கும் இதே பயிற்சியைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மூச்சை அடக்கிக்கொண்டேதான் இவ்வளவு நாளும் செய்திருக்கிறேன். நேரில் காட்டிவிட்டு எழுதுகிறேன்.