ஃபீனோ டெஸ்ட்: ஊதும்போது எங்கே சொதப்புகிறது?

டெக்னீஷியன்_திருச்சி:
ஆஸ்துமா சந்தேகத்துக்கு எடுக்கிற ஃபீனோவில் (வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளக்கும் டெஸ்ட்) மெஷின் கெடுப்பதைவிட ஊதும் விதம் கெடுப்பதே அதிகம். மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஃபில்டரில் உதட்டை இறுக்கி, மெஷின் வழியாகவே 2–3 நொடியில் நெஞ்சு நிறைய இழுக்கணும். அறைக்காற்றில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை மெஷின் வடிகட்டிவிடும். அடக்கி வைக்காமல் உடனே ஊதணும்: நொடிக்கு 50 மில்லி, பெரியவர்களுக்கு 10 நொடி, 12 வயதுக்குக் கீழே 6 நொடி. ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகத்தில் வெளியே தள்ளுகிறது என்று பார்க்கும் டெஸ்ட்) பழகியவர்கள் ஒரே மூச்சில் பலமாக ஊதிவிடுவார்கள், மெஷின் நிறுத்திவிடும். "சூடான காபியை ஆத்துற மாதிரி, மெதுவா, விடாம" என்றால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? நைட்ரிக் ஆக்சைடு மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து கசிகிறது. மெதுவாக ஊதினால் காற்று அங்கே அதிக நேரம் நின்று அதிகமாக ஏற்றிக்கொள்ளும், எண் கூடும். வேகமாக ஊதினால் குறையும்.

சுவாசப்பிரிவு_நர்ஸ்:
மூக்கு கிளிப் வேண்டவே வேண்டாம். சைனஸில் இந்த வாயு பல மடங்கு அதிகம். தடைக்கு எதிராக ஊதும் அழுத்தத்தில் (குறைந்தது 5 செ.மீ. நீர்மட்ட அளவு) மெல்லண்ணம் (மேல்வாயின் மென்மையான பின்பகுதி) தானாக மூடி, மூக்குக்காற்று கலக்காமல் பார்த்துக்கொள்ளும். மூச்சை மூக்கால் இழுத்துவிட்டு ஊதினால் மட்டும் அந்த டெஸ்ட் வீண்.

டெக்னீஷியன்_திருச்சி:
வரிசையும் முக்கியம். முதலில் ஃபீனோ, பிறகுதான் ஸ்பைரோமெட்ரி. மாற்றினால் எண் தற்காலிகமாக இறங்கும். ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், சிகரெட், வேகநடை எதுவும் கூடாது. கீரையும் பீட்ரூட்டும் நைட்ரேட்டால் எண்ணை ஏற்றும், சளிக்காய்ச்சலும் ஏற்றும். சிகரெட் இறக்கும். ஸ்டீராய்டு இன்ஹேலரும் இறக்கும், அதனால் எந்த மருந்து, கடைசியாக எப்போது என்பதை ஃபாரத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

நுரையீரல்_டாக்டர்:
2011 அமெரிக்க வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு 25 பிபிபிக்குக் (நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு) கீழே குறைவு, 50க்கு மேல் அதிகம். குழந்தைகளுக்கு 20, 35. நடுவில் விழுந்தால் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் படிக்கணும். அலர்ஜி மூக்கடைப்பு இருந்தாலே எண் ஏறும், ஆஸ்துமா இல்லாவிட்டாலும். குறைவாக வந்ததால் ஆஸ்துமா இல்லை என்று அனுப்பிவிடுவதும் தப்பு: இது ஈசினோஃபில் (ஒருவகை வெள்ளணு) வகை அழற்சியைத்தான் காட்டும், எல்லா ஆஸ்துமாவும் அந்த வகை இல்லை. சிஓபிடியை (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இதை வைத்து முடிவு செய்ய முடியாது.

நர்ஸ்_மதுரை:
கையடக்க மெஷின்களில் இருப்பது மின்வேதி சென்சார், ஆல்கஹால் ஆவி அதற்கு ஆகாது. சானிடைசர் தேய்த்த கையோடு மெஷினைத் தொடாதீர்கள், காயட்டும். ஃபில்டர் ஆளுக்கு ஒன்று. துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம்.