கல்லடி பட்ட கார்க் கண்ணாடியை வாசலிலேயே சரிசெய்யும் தொழில்: எங்கள் அனுபவங்கள்

சேலத்திலிருந்து

ஓர் இருசக்கர வாகனத்தையும் ஒரு கருவிப் பெட்டியையும் வைத்துக்கொண்டு, கல் பட்டுத் தெறித்த கார் முன்கண்ணாடிகளை வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே சென்று சரிசெய்து கொடுக்கும் தொழிலை 2021ஆம் ஆண்டில் தொடங்கினேன். கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் 544ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கும் ஊர் இது. தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் அன்றாடம் கார் ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம் என்பதால், வேலைக்குப் பஞ்சம் இருக்காது என்று நம்பினேன். ஆனால் இப்படியொரு வேலை உண்டு என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலில் நோட்டீஸ் அச்சிட்டு நாளிதழ்களுக்குள் வைத்து அனுப்பினேன். நான்கு அழைப்புகள் வந்தன; அவற்றில் மூன்று, கதவுக் கண்ணாடி நொறுங்கிவிட்டது என்று வந்தவை. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டிச் செய்தது. சிறு கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே உடைகிறது. உடைப்புக்குள் புகுந்த காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் ரெசின் என்னும் பிசின் திரவத்தைச் செலுத்தி, புற ஊதா விளக்கின் ஒளியில் இறுக வைப்பதுதான் எங்கள் வேலை. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை என்பதால், உடைந்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. அந்த நோட்டீஸில் ஒரு படமும் இரண்டு வரி விளக்கமும் போட்டிருந்தால் அந்த மூன்று பேரையும் ஏமாற்றமடைய விட்டிருக்க மாட்டேன்.

என்னால் இன்றும் மறக்க முடியாத சந்திப்பு அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஓமலூருக்கு அருகே நடந்தது. வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் நடுப்பகல் ஒரு மணிக்கு அழைத்து, "தம்பி, ராத்திரி பெங்களூரு வாடகை இருக்கு, எப்படியாச்சும் இப்பவே முடிச்சுக் கொடுங்க" என்றார். நட்சத்திரம் போல நான்கு கால்கள் நீட்டியிருந்த உடைப்பு அது. கார் வெயிலிலேயே நின்றிருந்தது. கண்ணாடியில் கை வைக்க முடியாத சூடு. வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், அவருடைய அவசரத்தைப் பார்த்து அங்கேயே கருவியைப் பொருத்திவிட்டேன். அழுத்தம் கொடுத்த சில நொடிகளில் ஒரு கால் என் கண்ணெதிரே ஓடி, கண்ணாடியின் விளிம்பைத் தொட்டது. சூடான கண்ணாடி ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும். அதன்மேல் கருவியின் அழுத்தமும் சேர்ந்ததால் நேர்ந்த விளைவு அது. அவர் என்னைத் திட்டவில்லை. புதுக் கண்ணாடிக்கான செலவை நானே கொடுத்தேன். இரண்டு மாத வருமானம் அதில் போயிற்று. அன்றிரவு வாடகையை அவர் இழந்ததற்கு மட்டும் என்னால் ஈடு செய்ய முடியவில்லை. அதன்பின் அவர் என்னை அழைத்ததும் இல்லை.

அன்று முதல், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்: உடைப்பு முழுவதும் மறைந்துவிடாது, உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய தழும்பு தெரியும்; வேலை நடக்கும்போதே விரிசல் ஓடிவிடும் வாய்ப்பு சிறிதளவு உண்டு, அப்படி ஓடினால் கூலி வாங்க மாட்டேன்; ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருக்கும் உடைப்பை நான் தொட மாட்டேன், ஏனெனில் இரவில் எதிர் விளக்கு படும்போது அந்தத் தழும்பே பார்வையைக் கலைக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. பள்ளி ஆசிரியை ஒருவர் அப்படிப் போனவர், இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்து, மற்றவர்கள் எல்லாரும் தடமே தெரியாது என்று சொன்னதால்தான் தனக்குச் சந்தேகம் வந்தது என்றார். எனக்கு வேலை வரும் இடங்களில் பாதி அவர் பணிபுரியும் பள்ளியைச் சுற்றித்தான் இருக்கின்றன.

திருப்பூரிலிருந்து

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தோடு, வாடிக்கையாளரைத் தேடிப் போவது பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகள் நிறைய உண்டு. நான் முதலில் ஏறி இறங்கியது அந்தக் கடைகளில்தான். ஒரு கடைக்காரர் மிகவும் மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, மாதம் பதினைந்து வண்டிகள் தருவதாகச் சொன்னார். காட்டிய முதல் வண்டியில் விளிம்பிலிருந்து ஓட்டுநர் பக்கம் வரை ஒரு முழத்துக்கும் மேலான விரிசல் ஓடியிருந்தது. "விக்கிற வரைக்கும் தாங்குனாப் போதுங்க தம்பி" என்றார். விளிம்பைத் தொட்ட நீண்ட விரிசலில் ரெசின் நிற்காது. நின்றாலும், அதை வாங்கப் போகும் குடும்பத்துக்கு விஷயம் தெரியாது. முடியாதுங்க அண்ணா என்று எழுந்து வந்தேன். பதினைந்து வண்டிகள் போனது அன்றைக்கு மிகவும் வலித்தது. அப்போது என்னிடம் மாதம் எட்டு வண்டிகள்தான் இருந்தன.

எனக்குக் கைகொடுத்தவை வாட்டர் சர்வீஸ் கடைகள். காரைக் கழுவித் துடைக்கும் பையனுடைய கண்ணில்தான் கண்ணாடியின் புள்ளி முதலில் படுகிறது. காரின் சொந்தக்காரர் வாரக்கணக்கில் அதைப் பார்த்திருக்க மாட்டார். ஆறு கடைகளில் பேசி, அவர்கள் கண்டுபிடித்துச் சொல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் என் கூலியில் ஒரு பங்கைத் துடைக்கும் பையனுக்கே நேரடியாகக் கொடுத்துவிடுவது என்று முதலாளிகளின் சம்மதத்துடன் ஏற்பாடு செய்தேன். கடைக்கு நிழற்கூரை இருப்பதால் கண்ணாடியும் ஆறியிருக்கும். ஆனால் கழுவிய உடனே வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. உடைப்புக்குள் இறங்கிய தண்ணீர் முழுவதும் உலர வேண்டும், இல்லையென்றால் ரெசின் பிடிக்காமல் பால் போல வெளுத்துவிடும். அதனால் கழுவுவதற்கு முன்பே என்னை அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாடிக்கையாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "இன்சூரன்ஸில் புதுக் கண்ணாடியே மாற்றிக்கொள்ளலாமே, உங்களுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்பது. அது நியாயமான கேள்வி; அதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். முழுக் காப்பீடு இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கமாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயமாக நம் கையிலிருந்து போகும். அதைவிடப் பெரிய இழப்பு நோ கிளைம் போனஸ்: முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் கோரிக்கையே வைக்காதவருக்கு 50 சதவீதம் வரை உயரும் அந்தப் பிரீமியத் தள்ளுபடி, அதைக் காக்கும் கூடுதல் காப்பீடு எடுத்திராவிட்டால் ஒரே கோரிக்கையில் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் ஃபாஸ்டேக் கிழிந்துபோகும், வங்கியில் வேறு வாங்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புது வண்டியானால் அதைத் திரும்ப அளவு சரிசெய்யும் செலவும் உண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உடைப்பு பெரியதாக இருந்தால், தாராளமாக இன்சூரன்ஸுக்கே போங்கள் என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறேன்.

பதிவு செய்வது கடினம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. நான் அது தெரியாமல் ஒருவரிடம் 1,500 ரூபாய் கொடுத்தேன். செலவு கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, சேவைத் தொழிலான இதற்கு ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை.

சென்னையிலிருந்து

நானும் என் கணவரும் தாம்பரத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த வேலையைச் செய்கிறோம். கருவி பிடிப்பது நான். கணக்கும் வாகனமும் அவர். எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் வேலையே செய்ய முடியாது. முதல் மழைக்காலத்தில் வந்த அழைப்புகளையெல்லாம் ஏற்று, ஈரம் போகாத உடைப்புகளில் ரெசினை விட்டு, ஐந்து வண்டிகளை இலவசமாக மறுபடி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது தரைத்தள வாகன நிறுத்தம் உள்ள குடியிருப்புகளை மட்டும் மழை மாதங்களுக்கென்று ஒதுக்கி, சங்கச் செயலாளரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கென்று முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு போகிறோம்.

அழைப்பு வந்ததும் நாங்கள் முதலில் சொல்வது, உடைப்பின் மேல் ஒளி ஊடுருவும் செலோடேப்பை ஒட்டுங்கள், நாங்கள் வரும்வரை ஏசியைக் கண்ணாடி மேல் திருப்பாதீர்கள் என்பதுதான். சென்ற நவம்பரில், பணி ஓய்வு பெற்ற ஒரு ஐயா அந்த டேப்பைப் பதினோரு நாள் பத்திரமாக வைத்திருந்தார். மழை விட்ட ஒரு காலையில் நாங்கள் போய் அதை உரித்துப் பார்த்தபோது, உடைப்பு கல் பட்ட அன்றைக்கு இருந்ததுபோலவே உலர்ந்து, தூசியில்லாமல் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. தழும்பு எங்கே என்று அவரே விரலால் தடவித் தேடினார். நான் இடத்தைக் காட்டினேன்.