போன் மாற்றினேன், படங்கள் வந்தன, தேதி வரவில்லை. உங்களுக்கும் இப்படி ஆனதா?

கிணற்றடி எழுதியது:

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. படம் எதுவும் தொலையவில்லை, அதனால் இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, திரையில் வரும் எண்ணைத் தட்டி, வைஃபையில் மாற்றும் முறை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். இரவு 10 மணிக்கு ஆரம்பித்தேன். நடுவில் மச்சானிடமிருந்து ஒரு கால் வந்து அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து. விடியற்காலையில் முடிந்தது. 11,000 சொச்சம் படம்.

போன வாரம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கெணறு ஆழப்படுத்தினப்போ எடுத்த போட்டோ இருக்கா பாருடா." 2019, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன வருஷம். எங்கள் கிணறும் வற்றிப்போய், கிரேன் வைத்துப் பாறையை உடைத்து இன்னும் 15 அடி இறக்கினோம். அந்தச் செலவில் பாதியைத் தானே கொடுத்ததாகச் சித்தப்பா இப்போது ஊரெல்லாம் சொல்கிறாராம். "அன்னிக்கு அவரு அந்தப் பக்கமே வரல. போட்டோவப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்கிறார் அம்மா.

சரி என்று 2019க்குத் தள்ளினேன். என் கேமராவில் எடுத்தவை மட்டும் இருக்கின்றன. கிணற்றுப் படம் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. வாட்ஸ்அப் படம் ஒன்றுகூட 2019இல் இல்லை. எல்லாம் போன் மாற்றிய ஆகஸ்ட் 9ஆம் தேதியில் குவிந்து கிடக்கின்றன. 4,300 படம்! குட்மார்னிங் ரோஜாப்பூ, கரண்ட் பில், தங்கச்சி ஜாதகம், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட், யார் வீட்டுக் காதுகுத்தோ, எல்லாம் ஒரே நாளில் நடந்த மாதிரி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்திருக்க, முக்கால் மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் "விடுடா, உலை கொதிக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

மூன்று நொடி எழுதியது:

உங்களுக்காவது தேதிதான் போனது. நான் என் கையாலேயே அழித்தவன்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு. கேபிள் போட்டு எல்லாவற்றையும் லேப்டாப்பில் இறக்கினேன். பார்த்தால் பாதிப் படங்களுக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு எம்ஓவி கோப்பு. திறந்தால் 3 நொடி ஓடுகிறது. தரை தெரிகிறது, யாரோ "இரு இரு" என்கிறார்கள், முடிந்துவிடுகிறது. குப்பை என்று நினைத்தேன். வகைவாரியாக அடுக்கி, மொத்தமாகப் பிடித்து, ஷிப்டையும் அழுத்தி டெலிட். 2,100 கோப்பு. 6 ஜிபி மிச்சம் என்று வீட்டில் பெருமை வேறு. பழைய போனைச் சுத்தமாக அழித்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இலவச 5 ஜிபி நிரம்பியதால் அதை எப்போதோ அணைத்தும் வைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து மனைவி கேட்டாள்: "பாப்பா மொதல்ல எழுந்து நின்ன போட்டோவ அழுத்திப் பிடிச்சா சிரிப்பாளே, இதுல ஏன் சிரிக்கல?"

நானும் அழுத்திப் பிடித்தேன். படத்தின் மேல் ஒரு டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

லைவ் போட்டோ என்பது ஒரு படமும் ஒரு குட்டி வீடியோவும் சேர்ந்தது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பொத்தானை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி முன்னாலும் ஒன்றரை நொடி பின்னாலும் அது பதிவு செய்யும். நான் குப்பை என்று தள்ளியது அந்தச் சிரிப்பைத்தான். மனைவியிடம் "புது போன்ல அந்த வசதி இல்ல" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதை அவள் படிக்காமல் இருக்க வேண்டும்.

பைனரி பாண்டி எழுதியது:

எனக்கு மூன்று முறை மாறிய அனுபவம் உண்டு, ஒரு படம்கூடப் போனதில்லை. காரணம், முறைப்படி செய்தேன்.

கிணற்றடி, உங்கள் போன்மேல் தப்பில்லை. கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எக்ஸிஃப் என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், அளவைச் சுருக்கும்போது இந்தக் குறிப்பும் கழன்றுவிடும். அப்புறம் மிஞ்சுவது கோப்பின் தேதி மட்டும்தான். கோப்பை நகல் எடுத்த அன்றைக்கே அது புதிதாகப் பிறந்ததாகக் கணக்கு. எல்லாம் ஆகஸ்ட் 9இல் விழுந்தது அதனால்தான். ஆனால் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படத்தின் பெயரிலேயே தேதி இருக்கும்: ஐஎம்ஜி, அடுத்து வருஷம் மாதம் நாள் சேர்ந்து எட்டு இலக்கம், அப்புறம் டபிள்யூஏ, வரிசை எண். மாற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரில் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால், பெயரில் உள்ள தேதியைப் படத்துக்குள் எழுதிவிடலாம். நீங்கள் நேரடி மாற்றத்துக்குப் போயிருக்கவே கூடாது. கூகுள் போட்டோஸில் மூலத் தரத்தில் ஏற்றிவிட்டு, புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்திருந்தால் வேலை முடிந்தது.

இன்னும் சில. ஐபோனில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் மூலப்படம் ஐகிளவுடில் இருக்கும், போனில் சின்ன உருவம்தான். அந்த நிலையில் கேபிள் போட்டு இறக்கி, எல்லாம் வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஐகிளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நேராக நகல் அனுப்ப ஆப்பிளே வழி வைத்திருக்கிறது. மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும், லைவ் போட்டோ அதில் போகாது. கூகுளிலிருந்து டேக்அவுட் என்ற வசதி மூலம் மொத்தமாக எடுத்தால் ஜிப் கோப்புகளாக வரும், படத்துக்குப் பக்கத்தில் அதன் தேதி முதலான விவரம் உள்ள ஜேசன் கோப்பு இருக்கும், அதை அழிக்காதீர்கள் (மூன்று நொடி நண்பர் கவனிக்க). வாட்ஸ்அப்பில் ஒருவருக்குப் படம் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தேதியும் தரமும் அப்படியே போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய போனை ஒரு மாதமாவது வீட்டிலேயே வைத்திருங்கள்.

சேலத்து மாம்பழம் எழுதியது:

பாண்டி, எல்லோரிடமும் கூகுள் போட்டோஸில் ஏற்று என்கிறீர்கள். 15 ஜிபிதான் இலவசம், அதிலும் ஜிமெயிலும் டிரைவும் பங்கு கேட்கும். தரத்தைக் குறைத்துக்கொண்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற காலம் 2021 ஜூன் 1உடன் முடிந்தது. 11,000 படத்தை எங்கே ஏற்றுவார்? மாதச் சந்தா நீங்களா கட்டுவீர்கள்?

ஏற்றினாலும் ஆபத்து போகாது. நானும் அப்படித்தான் ஏற்றினேன். மேலே பத்திரமாக இருக்கிறதே என்று, போனில் இடம் காலி செய்ய அதே செயலிக்குள் நின்று 3,000 படத்தை அழித்தேன். அங்கே அழித்தால் போனிலும் போகும், மேலேயும் போகும். தப்பு என்னுடையதுதான், எச்சரிக்கை வந்தது, படிக்காமல் சரி என்று தட்டினேன். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னபோது உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். அது 71ஆம் நாள்.

பைனரி பாண்டி எழுதியது:

அதற்குத்தான் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனி வசதி இருக்கிறது. அது போனில் உள்ளதை மட்டும்தான் எடுக்கும். கருவியைத் தப்பாகப் பிடித்துவிட்டுக் கருவியைக் குறை சொல்லக் கூடாது.

சேலத்து மாம்பழம் எழுதியது:

யாரும் குறை சொல்லவில்லை சார். தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன். படிக்காமல் தட்டுவது எனக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை போல.

பெயர் வேண்டாம் எழுதியது:

நான் எழுதுவது தொலைந்த படம் பற்றி இல்லை.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஐபோன் கொண்டுவந்து கொடுத்தான். மாற்றத் தெரியாமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். 500 ரூபாய், ஒரு மணி நேரம் என்றார்கள். பழைய போனைக் கம்ப்யூட்டரில் மாட்டினார் கடைக்காரர். மானிட்டர் கல்லாவுக்கு மேலே, வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கிறது. படங்கள் ஒவ்வொன்றாகப் பெரிது பெரிதாக வர ஆரம்பித்தன. பையன் பள்ளி விழா, கோலம், மார்க் ஷீட். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

அப்புறம் பிரசவ சமயம் வந்தது. ஆபரேஷன் தையலில் சீழ் வைத்தபோது டாக்டருக்கு அனுப்ப எடுத்த படங்கள், ஏழெட்டு இருக்கும். அவை இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கடைக்காரர் வேறு போனைக் கழற்றிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. டெம்பர்ட் கிளாஸ் ஒட்ட வந்து நின்ற ஒரு பையன், கல்லூரியில் படிப்பான் போல, சட்டென்று தலையைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டான். நல்ல பையன்தான். ஆனால் அவன் திரும்பிய அந்த வேகம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. பார்த்துவிட்டான் என்றுதானே அர்த்தம்?

"போதும், நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே.

பைனரி பாண்டி எழுதியது:

சகோதரி, வருந்துகிறேன். கடைக்குப் போவதற்கு முன் அப்படிப்பட்ட படங்களைத் தனி ஃபோல்டரில் பூட்டி வைத்திருக்கலாம். கடைக்காரர் கோப்புகளைப் பட்டியலாகக் காட்டும் முறையில் வைத்திருந்தால் படமே தெரிந்திருக்காது. லோக்கல்சென்ட் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், வீட்டிலேயே

பெயர் வேண்டாம் எழுதியது:

தம்பி, நான் வழி கேட்கவில்லை.

தோஹா வெயில் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்தபின் என் கதை சின்னது. இருந்தாலும் சொல்கிறேன்.

தங்கை கல்யாணத்தை என் ஐபோனில்தான் எடுத்தேன். கம்பெனி போன், ஆண்ட்ராய்டு கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கப் போகிறார்கள் என்றதும் ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பழைய பென் டிரைவில் ஏற்றினேன். ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் இடம் போதாது என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. 64 ஜிபி டிரைவில் பாதி காலியாக இருக்கிறது, என்ன உளறல் என்று 'ஸ்கிப்' கொடுத்தேன்.

லீவில் வீட்டுக்கு வந்து டிவியில் மாட்டினோம். அக்கம்பக்கமெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் அழைப்பு ஓடியது, நலங்கு ஓடியது, பந்தியில் பெரியப்பா பாயசம் கேட்டது ஓடியது. முகூர்த்தம் இல்லை. தாலி கட்டினது இல்லாமல் நேராகச் சாப்பாட்டுக்குப் போய்விட்டோம்.

4கேயில் நிறுத்தாமல் 27 நிமிடம் எடுத்திருந்தேன். நிமிடத்துக்கு 170 எம்பி என்றால் 4.6 ஜிபி வருகிறது. அந்த டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான், "அப்போ நான் இன்னும் கட்டலையா மச்சான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மண்பானை எழுதியது:

ரொம்பச் சின்னக் கதை. மகள் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க, ஐபோனில் எடுத்த படத்தைப் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றினாள். ஐபோன் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் ஹெச்இஐசி வகைக் கோப்பு. திறக்கவே இல்லை. கடைசி நாள், இரவு 11 மணி. அவளாகவே பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி ஏற்றிப் பார்த்தாள். தளம் ஏற்கவில்லை. "ஆளு அதேதான், சட்டைய மாத்தினா கண்டுபிடிச்சிடுதுப்பா" என்றாள். என் நாலாயிர ரூபாய் போனில் சுவரோரம் நிற்கவைத்து எடுத்து அனுப்பினோம். ஹால் டிக்கெட்டில் பேய் மாதிரி இருக்கிறாள். கேமரா செட்டிங்கில், படத்தை ஜேபிஜியாகவே எடுக்க 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று ஒன்று இருப்பது மறுநாள்தான் தெரிந்தது.

கிணற்றடி எழுதியது:

பாண்டி, உங்களுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். பழைய போன் பீரோவில்தான் கிடந்தது. சார்ஜ் போட்டு, வாட்ஸ்அப் இமேஜஸ் ஃபோல்டரைப் பெயர்வாரியாக அடுக்கினேன். 201907 என்று ஆரம்பிப்பதில் தேடினால் ஐந்தே நிமிடம். கிணறு, கிரேன், குவித்த பாறைத்தூள், எல்லாம் இருக்கிறது.

சித்தப்பாவும் இருக்கிறார். தலையில் துண்டு, கையில் டீத் தூக்கு, கிரேன்காரர் பக்கத்தில் நிற்கிறார்.

அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தூக்கு நம்ம வீட்டுத் தூக்கு. டீ கொண்டாந்திருக்காரு, காசு குடுக்கல" என்றார்.